தொன் பொஸ்கோவும் நாற்பத்துநான்கு சிறுவரும்

கண்டாவளை, ஊரியான், முரசுமோட்டைப் பகுதிகளில் வாழும் வாசகர்களே, 2018ஆம் ஆண்டு மார்கழி வெள்ளத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். இரணைமடுவின் வான்கதவுகள் திறபட்டு, வயலும் வளவும் ஒன்றாகி, கிளிநொச்சி மாவட்டத்திலேயே உங்கள் பிரதேசம் பெரும் அழிவைக் கண்டது. அந்த நாள்களில் மக்களுக்குப் புகலிடமாக இருந்தவை பாடசாலைக் கட்டடங்கள். வாங்கு மேசைகளை ஒதுக்கிவிட்டுப் பாய் விரித்துக் கிடந்தவர்கள் இன்றும் அதைச் சொல்வார்கள்.

அப்படியானால், பாடசாலை என்பது பரீட்சைக்குப் பிள்ளைகளை ஆயத்தம் செய்யும் இடம் மட்டுந்தானா? ஊருக்கு இடர் வரும்போது அங்கே படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு கடமை உண்டா? பெற்றோராகிய உங்களுக்கு இது எளிதான கேள்வியன்று. பிறருக்கு உதவப் போகும் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால் யார் பொறுப்பு என்று உங்கள் நெஞ்சு கேட்கும். இதே கேள்வியை 1854ஆம் ஆண்டில், இத்தாலி நாட்டின் தூரின் நகரில், ஒரு குருவானவர் எதிர்கொண்டார். தை 31ஆம் நாள் திருச்சபை திருவிழாக் கொண்டாடும் புனித ஜோன் பொஸ்கோவே அவர். இத்தாலியில் குருக்களைத் தொன் என்று மரியாதையாக அழைப்பது வழக்கம். அதனால் உலகம் அவரைத் தொன் பொஸ்கோ என்றே அறிந்திருக்கிறது.

அவர் 1815ஆம் ஆண்டு ஆவணி 16ஆம் நாள், பெக்கி என்ற சிற்றூரில் ஏழைக் கமக்காரர் வீட்டில் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தகப்பன் நிமோனியாக் காய்ச்சலில் இறந்துபோனார். தாய் மார்கரீத்தா எழுத வாசிக்கத் தெரியாதவர். ஆனால் செபமும் உழைப்பும் அறிந்தவர். தகப்பனின் முதல் தாரத்து மகனான மூத்த அண்ணனுக்குத் தம்பி புத்தகத்தைத் தூக்குவது பிடிக்கவில்லை. வயல் வேலைக்கு ஆள் வேண்டும் என்பது அவன் நியாயம். வீட்டுச் சண்டை முற்றியபோது, பன்னிரண்டு வயதளவில் ஜோன் வேறொருவரின் பண்ணைக்கு மாடு பார்க்கும் வேலைக்குப் போனான். நம்முடைய வன்னியிலும் படிப்பை விட்டுவிட்டு மாட்டுப்பட்டியோடும் வயலோடும் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர்! அந்தக் கதை உங்களுக்குப் புதிதல்ல.

பின்னர் படிக்கும் காலத்தில் தன் செலவைத் தானே தேடிக்கொண்டார். கோப்பிக் கடையில் வேலை செய்தார், தையல் பழகினார், மரவேலையும் இரும்பு வேலையும் பழகினார். பிற்காலத்தில் பிள்ளைகளுக்குத் தொழில் கற்பிக்க இவையெல்லாம் கைகொடுத்தன. சக மாணவரைச் சேர்த்து மகிழ்ச்சிச் சங்கம் என்று ஒன்றையும் அமைத்தார். கடமையைச் சரியாகச் செய்வது, முகம் வாடாமல் இருப்பது, இவைதாம் அதன் விதிகள்.

1841ஆம் ஆண்டு ஆனி 5ஆம் நாள் குருப்பட்டம் பெற்றார். தூரின் நகரச் சிறைகளுக்குச் சென்றபோது அவர் கண்ட காட்சி அவரை உலுக்கிவிட்டது. அங்கே அடைபட்டுக் கிடந்தவர்களில் பலர் சிறுவர். கிராமங்களிலிருந்து வேலை தேடி வந்து, ஆதரவின்றித் தெருவில் நின்று, களவு செய்து பிடிபட்டவர்கள். வெளியே ஒரு நல்ல நண்பன் இருந்திருந்தால் இவர்கள் இங்கே வந்திருக்க மாட்டார்கள் என்று அவர் எண்ணினார்.

அவ்வாண்டு மார்கழி 8ஆம் நாள், அமலோற்பவ அன்னையின் திருவிழாவன்று, பூசைக்கு உதவி செய்யத் தெரியாத ஓர் ஏழைப் பையனைக் கோயிற் பணியாளர் அடித்துத் துரத்துவதைக் கண்டார். அவனைத் திருப்பி அழைத்து, பக்கத்தில் இருத்தி, அன்பாக விசாரித்தார். பர்த்தலோமேயோ கரெல்லி என்ற அந்தப் பையன் தாய் தகப்பன் இல்லாத கொத்துவேலைக்காரன். அடுத்த ஞாயிறு அவன் தன் கூட்டாளிகளோடு வந்தான். தொன் பொஸ்கோவின் பெரும்பணி தொடங்கியது இப்படித்தான்.

கூட்டம் பெருகப் பெருக, அயலவர் சத்தம் பொறுக்காமல் முறைப்பாடு செய்தனர். இடத்துக்கு இடம் துரத்தப்பட்டனர். நகரக் காவல் அதிகாரிகள் இது கலகக் கூட்டமோ என்று சந்தேகித்தனர். உடன்குருக்கள் சிலர் அவருக்குப் புத்தி பேதலித்துவிட்டதென்றே எண்ணினர். கடைசியில் 1846ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று, நகரின் ஒதுக்குப்புறமான வல்தோக்கோவில் ஒரு தாழ்ந்த கொட்டில் கிடைத்தது. அதைச் செபக்கூடம் என்று அழைத்தார்கள். அங்கே செபமும் ஞானோபதேசமும் இருந்தன, பாட்டும் பந்தும் இருந்தன, இரவுப் பாடசாலையும் இருந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியில் தாய் மார்கரீத்தாவும் பிறந்த மண்ணை விட்டு வந்து, அந்தப் பிள்ளைகளுக்குச் சமைத்து, உடுப்புத் தைத்து, எல்லாருக்கும் தாயானார். அடுத்த ஆண்டு, மழையில் நனைந்து வந்த அநாதைச் சிறுவன் ஒருவன் அவ்வீட்டில் படுக்கை பெற்ற முதற்பிள்ளை ஆனான். விடுதி அப்படி வளர்ந்தது.

அந்தப் பாடசாலையின் வாழ்வைச் சற்றுக் கவனியுங்கள். அங்கே பிரம்புக்கு இடமில்லை. அறிவுக்குப் பொருந்தச் சொல்வது, சமயப் பற்றை வளர்ப்பது, அன்பு காட்டுவது என்ற மூன்றின்மேல் அவர் தம் முறையைக் கட்டினார். பிழை நடந்தபின் தண்டிப்பதைவிட, பிழை நடவாதபடி கூட இருப்பதே ஆசிரியரின் வேலை என்பது அவர் கொள்கை. விளையாட்டு வேளையில் அவரும் மைதானத்தில் ஓடினார். தொழில் பழகப் போன பிள்ளைகளுக்காக 1850களின் தொடக்கத்தில் முதலாளிமாரோடு எழுத்தில் உடன்படிக்கை செய்தார். பையனை அடிக்கக் கூடாது, பழகும் தொழிலுக்குப் புறம்பான வேலை வாங்கக் கூடாது, ஞாயிறும் திருநாளும் ஓய்வு கொடுக்க வேண்டும் என்பன அவற்றில் இருந்தன. 1853இல் சொந்தமாகவே சப்பாத்து, தையல் பட்டறைகளைத் திறந்தார். பின்னர் புத்தகம் கட்டல், தச்சு, அச்சு எல்லாம் வந்தன.

1854ஆம் ஆண்டு கோடையில் தூரின் நகருக்குள் வாந்திபேதி புகுந்தது. நோய் எதனால் பரவுகிறது என்பதை அக்காலத்து வைத்தியர்கள் சரிவர அறியார். நோய்கண்ட சுமார் 2,500 பேரில் 1,400 பேர்வரை மாண்டனர். வல்தோக்கோவைச் சூழ்ந்த ஏழைக் குடிமனைகளில் சாவு வீட்டுக்கு வீடு புகுந்தது. பயத்தில் உறவினரே நோயாளியை விட்டுவிட்டு ஓடினர். நகரசபை தற்காலிக மருத்துவமனைகளைத் திறந்தது. ஆனால் கூலி கொடுத்தாலும் பணிக்கு ஆள் வரவில்லை.

தொன் பொஸ்கோ முதலில் தாமே நோயாளிகளிடம் போனார். அதன்பின் பிள்ளைகளைக் கூட்டி நிலைமையை எடுத்துச் சொன்னார். கட்டளையிடவில்லை, விருப்பமுள்ளவர் வரலாம் என்றார். கடவுளின் அருள்நிலையில் வாழ்ந்து, அன்னை மரியாளை நம்பியிருந்தால் ஒருவருக்கும் தீங்கு நேராது என்று உறுதி கூறினார். முதலில் பதினான்கு பேர் எழுந்தனர். சில நாள்களில் இன்னும் முப்பது பேர் சேர்ந்து நாற்பத்துநான்கு ஆயினர்.

அவர் அவர்களை வெறும் நம்பிக்கையோடு மட்டும் அனுப்பவில்லை. நோயாளியை எப்படித் தூக்குவது, எப்படித் துடைப்பது என்று பழக்கினார். நோயாளியைத் தொட்டபின் கைகளை வினாகிரியில் கழுவச் சொன்னார். அவர்களைப் பிரித்து வேலை கொடுத்தார். சிலர் மருத்துவமனைகளில் நின்றனர், சிலர் வீடுகளுக்குப் போயினர், சிலர் கைவிடப்பட்ட நோயாளிகளைத் தேடித் தெருத்தெருவாக அலைந்தனர், சிலர் அழைப்பு வந்தால் ஓட ஆயத்தமாக விடுதியில் இருந்தனர். நோயாளிகளுக்கு விரிக்கத் துணி கேட்டு வந்த பிள்ளைகளுக்கு மார்கரீத்தா அம்மையார் வீட்டிலிருந்த சீலை, விரிப்பு எல்லாவற்றையும் எடுத்துக் கொடுத்தார். முடிவில் பீடத் துணியையும் கொடுத்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய சபையார் குறித்துள்ளனர்.

குளிர்காலம் வரவே நோய் தணிந்தது. நாற்பத்துநான்கு பேரில் ஒருவரையும் நோய் தீண்டவில்லை. பெற்றோரை இழந்த இருபது பிள்ளைகள்வரை அந்த விடுதியிலே புகலிடம் பெற்றனர். நோய் அடங்கிவந்த அவ்வாண்டு ஐப்பசியில்தான் பன்னிரண்டு வயதுத் தொமினிக் சாவியோ அப்பாடசாலைக்கு வந்து சேர்ந்தான். கேட்பாரற்றிருந்த மாணவருக்குத் துணையாக நிற்கத் தோழரைத் திரட்டிச் சங்கம் அமைத்த அவன், பதினைந்து வயது நிறையுமுன் 1857இல் இறந்தான். 1954இல் திருச்சபை அவனைப் புனிதனாக உயர்த்தியது.

அரசாங்கத்தோடும் அவருக்குத் தொல்லை இருந்தது. 1860களில், ஆசிரியர்களுக்குத் தகைமைப் பத்திரம் இல்லை என்று பாடசாலையை மூடும் அச்சுறுத்தல் வந்தது. அவர் சண்டைக்குப் போகாமல், தம் இளம் ஆசிரியர்களைப் பரீட்சைக்கு இருத்திச் சித்தியடையச் செய்தார். நமது நாட்டில் 1960இலும் 1961இலும் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோது, ஒருசில கத்தோலிக்கக் கல்லூரிகள் வருமானமின்றித் தனித்து நின்ற வரலாறு உங்களுக்குத் தெரியும். தனித்து நிற்பதற்கு நியாயம் வேண்டும். தன் பிள்ளைகளின் சித்தியை மட்டும் கணக்கிடும் பாடசாலைக்கு அந்த நியாயம் குறைவு. ஊரின் நோயையும் பசியையும் தன்னுடையதாகக் கொள்ளும் பாடசாலைக்கு அது நிறைய உண்டு.

1859இல் தொன் பொஸ்கோ சலேசிய சபையை ஆரம்பித்தார். 1888ஆம் ஆண்டு தை 31ஆம் நாள் இறைவனடி சேர்ந்தார். 1934ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவருடைய சபையார் 1906இல் தஞ்சாவூருக்கும், 1956இல் இலங்கைக்கும் வந்தனர். இன்று வன்னிக்கு அயலான முருங்கனிலும் அவர்களின் பணி நடக்கிறது.

இனி உங்கள் கேள்விக்கு வருவோம். வாந்திபேதிக்குள் பிள்ளைகளை அனுப்புங்கள் என்று இன்று ஒருவரும் கேட்கவில்லை. இன்றைய மருத்துவ அறிவு அதற்கு இடங்கொடாது. ஆனால் தொன் பொஸ்கோ செய்த ஒழுங்கை நினைத்துப் பாருங்கள். முதலில் பிள்ளைகளுக்கு வீடும் அன்பும் கொடுத்தார். பிறகு தாமே முன்னே போனார். பிறகு பழக்கினார். அதன்பின்னரே அழைத்தார், அதுவும் கட்டாயமின்றி. அன்பு பெற்ற பிள்ளைகள் ஆனபடியால், அழைத்தவுடன் எழுந்தார்கள்.

அடுத்த மாரி வருமுன், உங்கள் மகன் படிக்கும் பாடசாலையில் முதலுதவி பழக்குகிறார்களா என்று கேளுங்கள். அயலில் தனித்திருக்கும் முதியவருக்குத் தண்ணீர் அள்ளிக் கொடுக்க அவனை அனுப்புங்கள், முதல்நாள் நீங்களும் கூடப் போங்கள். வெள்ளம் வரும் இரவில் எழுந்து நிற்கும் மனம் அப்படித்தான் வளரும். புனித தொன் பொஸ்கோ நம் பிள்ளைகளுக்காக மன்றாடுவாராக.