சேர் ஆதர் சலிவன்

1883ஆம் ஆண்டில் விக்டோரியா மகாராணியார் ஆதர் சலிவன் என்னும் இசைவாணருக்குச் சேர் பட்டம் வழங்கினார். அப்பொழுது அவருக்கு வயது 41. பட்டத்தைப் பாராட்டிய இசைப் பத்திரிகையாளர் சிலர் அப்பாராட்டோடு ஒரு கண்டிப்பையும் சேர்த்துக்கொண்டனர். பட்டம் பெற்ற ஒருவர் இனிச் சிரிப்பு நாடகங்களுக்கு மெட்டமைத்தல் தகாது என்பது அதன் சாரம். பிறர் சொல்லென்று சலிவனால் அதனைத் தள்ளிவிட முடியவில்லை. அவர் உள்ளமும் அதனையே சொல்லிக்கொண்டிருந்தது.

சலிவன் 1842 மே 13இல் இலண்டன் மாநகரின் இலம்பெத் பகுதியிற் பிறந்தார். செல்வக் குடியன்று. தந்தையார் சாண்ட்ஹேர்ஸ்ட் படைக் கல்லூரியில் வாத்தியக் குழுத் தலைவராயிருந்தவர். அக்குழுவின் நடுவே வளர்ந்த சிறுவன் எட்டு வயதளவில் அங்கிருந்த கருவிகளுட் பெரும்பாலானவற்றை வாசிக்கப் பழகிவிட்டான். பிற்காலத்தில் நாடக அரங்கின் சிறிய வாத்தியக் குழுவைக்கொண்டு, ஒவ்வொரு கருவியின் குணமும் தனித்துத் தோன்ற இசை வகுத்தாரே, அத்திறனுக்கு வித்து இதுவே. 1856இல், மெண்டல்சன் பெயரால் நிறுவப்பட்ட புலமைப்பரிசிலை முதன்முதற் பெற்றவரும் அவரே. அதன் பயனாக ஜேர்மனியின் லைப்சிக் நகரிற் கற்றுத் திரும்பிய அவர், சேக்ஸ்பியரின் 'புயல்' நாடகத்துக்கு அமைத்த இசை 1862இல் இலண்டன் பளிங்கு மாளிகையில் இசைக்கப்பட்டது. இருபது வயதிற் புகழ் வந்தது.

1867இல் அவரும் நண்பர் ஜோர்ஜ் குறோவும் வியன்னா சென்று, மறைந்த இசைமேதை சூபேர்ட்டின் கைப்பிரதிகளைத் தேடினர். 'றோசமுந்தே' நாடக இசையின் ஏடுகள் ஒரு பழைய அலுமாரியின் தூசிக்குள்ளே கிடைத்தன. நள்ளிரவு கடக்கும்வரை இருந்து படியெடுத்தபின், மகிழ்ச்சி தாங்காது இருவரும் சிறுவர்போல் ஒருவரையொருவர் தாண்டி விளையாடினராம். ஏடு தேடி அலைந்தவர்க்கே அக்களிப்பு விளங்கும்.

நியாயவாதியாயிருந்து எழுத்தாளரான வில்லியம் கில்பேட்டுடன் சலிவன் முதன்முதல் இணைந்தது 1871இல். அந்நாடகத்தின் இசை பெரும்பாலும் அழிந்துபோயிற்று. 1875இல் றிச்சாட் டொயிலி காட் என்னும் அரங்க முகாமையாளர் இருவரையும் மீண்டும் கூட்டிவைத்தார். நீதிமன்றத்தை நகையாடிய அச்சிறு நாடகத்தில் நீதிபதியாய் நடித்தவர் சலிவனின் தமையனார் பிரெட். ஈராண்டு செல்லுமுன் அத்தமையனார் நோயுற்று இறந்தார். படுக்கையருகே விழித்திருந்த நாட்களிலே சலிவன் 'இழந்த சுருதி' என்னும் பாடலுக்கு இசையமைத்தார். அது ஆங்கில நாட்டு வீடுகளெங்கும் ஒலித்தது. 1878இல் கடற்படையை எள்ளிய 'பினபோர்' 571 முறை ஆடப்பட்டது. கேட்போரைச் சிரிக்கவைத்த அவ்விசையைச் சிறுநீரக நோயின் வேதனைக்கு இடையிடையேதான் அவர் எழுதினார்.

அவர் இசையமைத்த முறை தமிழ் கற்றோர் கருதத்தக்கது. கில்பேட்டின் பாட்டு முதலில் வரும். சலிவன் உடனே இராகத்தை நாடமாட்டார். சொற்களின் சந்தத்தையே முதலில் ஆராய்வார். ஒரு பாட்டுக்குப் பல தாளக்கட்டுகளை எழுதிப்பார்த்து, பொருந்திய ஒன்றைத் தெரிந்தபின்னரே மெட்டுப் பிறக்கும். ஆகவேதான் எத்துணை விரைவாகப் பாடினும் அப்பாடல்களிற் சொல் சிதைவதில்லை. இசை மிகுந்து சொல்லை விழுங்கும் கச்சேரிகளைக் கேட்டு வருந்துவோர் இதன் அருமையை அறிவர்.

1881இல் டொயிலி காட் கட்டிய சவோய் அரங்கு முழுவதும் மின்விளக்கால் ஒளி பெற்றது. அங்கே 1885இல் அரங்கேறிய 'மிக்காடோ' 672 முறை ஆடப்பட்டது. பணம் குவிந்தது; சலிவனின் மனக்குறையோ தீரவில்லை. 1890இல் அரங்கின் கம்பளச் செலவு பற்றிய கணக்கில் தொடங்கிய பூசல் நீதிமன்றம்வரை சென்று நண்பரைப் பிரித்தது. கம்பளம் ஒரு சாட்டே. தம் பங்கை மற்றவர் சிறிதாய் மதிக்கின்றார் என்ற மனத்தாங்கல் இருவரிடமும் நெடுநாள் இருந்தது. அடுத்த ஆண்டில், தாம் விரும்பியவாறே, 'ஐவன்ஹோ' என்னும் பெரிய இசைநாடகத்தை அரங்கேற்றினார். அதற்கெனவே டொயிலி காட் புதிய அரங்கொன்று கட்டினார். நூற்றைம்பது முறைக்கு மேல் ஆடப்பட்டும், தொடர்ந்து நடத்த வேறு நாடகம் ஆயத்தமாயில்லாமையால் அவ்வரங்கு கைமாறிற்று. பின்னர்க் கில்பேட்டுடன் சமாதானமாகி எழுதிய இரண்டு நாடகங்களும் பழைய வெற்றியைத் தரவில்லை.

மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதலில் வைத்தவர் தொல்காப்பியர். சலிவனைக் கண்டித்தோர் அதனைக் கடையில் வைத்தனர். சலிவனும் அக்கணக்கை ஒப்பிக்கொண்டதே எமக்கு வருத்தம் தருவது. அவர் பெரிதென மதித்த நூல்கள் இன்று அரிதாகவே இசைக்கப்படுகின்றன. 'மிக்காடோ' இன்றும் ஆடப்படுகின்றது.

1900 நவம்பர் 22இல் சலிவன் காலமானார். பெற்றோரும் தமையனாரும் துயிலும் புறொம்ரன் மயானத்திலேயே தம்மையும் அடக்கவேண்டுமென்பது அவர் விருப்பம். மகாராணியாரின் ஆணையால் உடல் புனித பவுல் பேராலயத்துள் வைக்கப்பட்டது. அங்கே, 1880இல் லீட்ஸ் இசைவிழாவுக்கு அவர் இயற்றிய 'அந்தியோக்கியாவின் மறைசாட்சி' என்னும் சமய இசைநூலிலிருந்து ஒரு பாடலைச் சவோய் அரங்கின் நகைநாடகப் பாடகர்கள் பாடினார்கள். அந்நூலின் சொற்களை இசைக்கேற்பத் தொகுத்துக் கொடுத்தவர் கில்பேட். அன்று அவர் எகிப்திலிருந்தார்.