யான் வான் ரீபேக்

யான் வான் ரீபேக் (ஏப்ரல் 21, 1619 – சனவரி 18, 1677) ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனியின் அதிகாரியும், ஆப்பிரிக்காவின் தென்கோடியில் உள்ள நன்னம்பிக்கை முனையில் அக்கம்பனி அமைத்த தங்குநிலையத்தின் முதல் தளபதியும் ஆவார். அந்நிலையமே பின்னர் கேப் டவுன் நகரமாக வளர்ந்தது.

தொடக்க காலம்

நெதர்லாந்தின் கியூலம்போர்க் நகரில் அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்த இவர், 1639 இல் துணை மருத்துவராகக் கம்பனியில் சேர்ந்து பத்தேவியாவுக்கு (இன்றைய சகார்த்தா) சென்றார். பின்னர் வணிகப் பிரிவுக்கு மாறி, வியட்நாமின் தொங்கின் வணிக நிலையத்தில் பணியாற்றினார். அங்கு சொந்தக் கணக்கில் வணிகம் செய்தது தெரியவந்ததால் திருப்பி அழைக்கப்பட்டார். கம்பனி ஊழியர் பலரும் செய்துவந்த குற்றமே இது. 1648 இல் தாயகம் திரும்பும் வழியில் இவர் நன்னம்பிக்கை முனையை முதன்முதலாகக் கண்டார். அடுத்த ஆண்டில் மரியா டி லா கெல்லரி என்பவரை மணந்தார்.

நன்னம்பிக்கை முனையில்

ஒல்லாந்திலிருந்து பத்தேவியா செல்லும் கடற்பயணம் பல மாதங்கள் நீடித்தது. புதிய காய்கறிகளும் பழங்களும் கிடைக்காமையால் மாலுமிகள் பலர் ஸ்கர்வி நோயால் இறந்தனர். எனவே இடைவழியில் நீர், காய்கறி, இறைச்சி ஆகியவற்றைத் தரும் நிலையம் ஒன்றை அமைக்கக் கம்பனி முடிவு செய்தது. குடியேற்றம் அமைப்பது அதன் நோக்கமன்று. இப்பொறுப்பை ஏற்ற வான் ரீபேக், 1652 ஏப்ரல் 6 அன்று ஏறத்தாழ 90 பேருடன் அங்கு வந்து சேர்ந்தார். அவர்கள் மண்கோட்டையும் தோட்டமும் அமைத்தனர்.

அப்பகுதியில் கோய்கோய் மக்கள் நெடுங்காலமாக ஆடுமாடுகளை மேய்த்து வாழ்ந்து வந்தனர். கம்பனி அவர்களிடம் செம்பு, புகையிலை முதலியவற்றைக் கொடுத்துக் கால்நடைகளைப் பெற்றது. ஆயினும் கப்பல்களின் தேவைக்கு அது போதவில்லை. ஆகவே 1657 இல் கம்பனி ஊழியர் சிலர் பணியிலிருந்து விடுவிக்கப்பட்டு, லீசுபேக் ஆற்றங்கரையில் பயிரிட நிலம் வழங்கப்பட்டனர். அவர்களுக்கு உழைக்க ஆள் இல்லை. அடுத்த ஆண்டே அங்கோலாவிலிருந்தும் கினிக் கரையிலிருந்தும் நூற்றுக்கணக்கான அடிமைகள் இரண்டு கப்பல்களில் கொண்டுவரப்பட்டனர். காய்கறித் தோட்டமாகத் தொடங்கிய நிலையம், ஆறே ஆண்டுகளில் அடிமை உழைப்பில் இயங்கும் குடியேற்றமாகியது.

கோய்கோய் மக்களின் மேய்ச்சல் நிலமே இவ்வாறு பங்கிடப்பட்டது. 1659 இல் போர் மூண்டது. அவர்களுக்குத் தலைமை தாங்கிய தோமான், முன்னர் கம்பனியின் மொழிபெயர்ப்பாளராகப் பத்தேவியா சென்று வந்தவர். திரி வைத்துச் சுடும் துப்பாக்கிகள் மழையில் பயன்படா என்பதை அறிந்திருந்த அவர், மழை நாட்களைத் தேர்ந்து தாக்கினார்.

1660 இல் நடந்த அமைதிப் பேச்சில், தாங்கள் ஒல்லாந்துக்குச் சென்று இவ்வாறு நிலம் பிடித்தால் பொறுத்துக்கொள்வீர்களா என்று கோய்கோய் தலைவர்கள் கேட்டனர். போரில் இழந்த நிலம் திரும்பக் கிடைக்காது என்பதே வான் ரீபேக்கின் விடை. இவ்வுரையாடல் அவர் எழுதி வந்த நாட்குறிப்பிலேயே பதிவாகியுள்ளது. பின்னர் எல்லை வேலியின் ஒரு பகுதியாகக் காட்டு வாதுமைச் செடிகளை நடச் செய்தார். அவ்வேலியின் எச்சங்கள் கிர்சுடன்பாசு தாவரவியல் பூங்காவில் இன்றும் உள்ளன.

பிற்காலம்

வான் ரீபேக் முனையில் தங்க விரும்பியவர் அல்லர். கிழக்குக்கு மாற்றல் கேட்டுப் பலமுறை எழுதினார். 1662 இல் மலாக்காவின் தலைமைப் பொறுப்பு கிடைத்தது. மரியா 1664 இல் அங்கு இறந்தார். 1665 முதல் பத்தேவியாவில் செயலாளராகப் பணிபுரிந்த வான் ரீபேக், அந்நகரிலேயே காலமானார். முனையில் பிறந்த இவர் மகன் ஆபிரகாம், 1709 இல் ஒல்லாந்துக் கிழக்கிந்தியப் பகுதிகளின் தலைமை ஆளுநரானார். தந்தைக்கு எட்டாத பதவி அது.

நினைவு

தென்னாபிரிக்காவில் வெள்ளையர் ஆட்சிக்காலத்தில் ஏப்ரல் 6 பொது விடுமுறையாக இருந்தது. 1994 இல் நிறவொதுக்கல் ஆட்சி முடிவுற்றபின் அது கைவிடப்பட்டது. அந்நாட்டுப் பணத்தாள்களில் பல ஆண்டுகள் இவருடையதென அச்சிடப்பட்ட உருவம், பார்த்தொலோமியுசு வெர்மியூடன் என்ற வேறொருவருடையது என இப்போது கருதப்படுகிறது.