பூந்தாதை வென்ற நூன்

உலகம் மகிழ்ந்து வரவேற்கும் பருவம் சிலருக்குத் துன்பப் பருவமாய் அமைந்துவிடுகிறது. இங்கிலாந்து நாட்டில் கோடையின் தொடக்கத்தில் புல்வெளிகள் பூத்துப் பொலியும். அப்பூக்களின் தாது காற்றிற் கலந்து எங்கும் பரவும். பெரும்பாலோர்க்கு அதனால் தீங்கில்லை. சிலருக்கோ, அது மூக்கிற் பட்ட அளவிலே இடையறாத் தும்மல் எழும்; கண்கள் சிவந்து நீர் சொரியும்; மூச்சும் திணறும். ஆங்கிலேயர் இதனை வைக்கோற் காய்ச்சல் என்பர். பெயர் அவ்வாறாயினும், இதற்குக் காரணம் பூந்தாதே ஆகும். மான்செஸ்டர் நகர மருத்துவர் சார்லஸ் பிளாக்லி என்பார் தம் உடம்பிலேயே சோதனைகள் செய்து, இவ்வுண்மையை 1873 ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். நோயின் முதல் தெரிந்தது; அதனைத் தணிக்கும் வாய் தெரியவில்லை. அவ்வழியைக் கண்டவர் லியோனார்டு நூன் என்பவர்.

நூன் 1877 ஆம் ஆண்டில் பிறந்தார். மருத்துவம் பயின்று, இலண்டன் மாநகரிலுள்ள செயின்ட் மேரி மருத்துவமனையின் தடுப்பூசித் துறையிற் பணிபுரிந்தார். அத்துறைக்குத் தலைவர் ஆல்ம்ரோத் ரைட் என்னும் பேரறிஞர். ஜான் பிரீமன் என்பவர் அங்கே நூனுக்கு உற்ற துணைவராய் இருந்தார்.

அக்காலத்தில் ஜெர்மனி நாட்டு டன்பார் என்பவர், பூந்தாதில் நஞ்சு உண்டு எனக் கருதினார். குதிரைக்குத் தாதின் சத்தைச் செலுத்தி, அதன் குருதியினின்று மாற்று மருந்து செய்தார். அது நிலைத்த பயன் தரவில்லை. இரவல் வாங்கிய படைக்கலம் எத்தனை நாளைக்கு உதவும்? நோயாளியின் உடம்பே தாதைத் தாங்கும் ஆற்றல் பெறுதல் வேண்டும் என்று நூன் எண்ணினார்.

அதற்கு முதலில் வேண்டப்பட்டது அளவுகோல். திமோத்தி என்னும் புல்லின் தாதை எடுத்து, ஒரு கிராமைப் பத்து இலட்சம் பங்காக்கினால் வரும் ஒரு பங்கினின்று கிடைக்கும் சத்தை ஓர் அலகாகக் கொண்டார். நீரிற் கலந்த சத்தில் ஒரு துளியை நோயாளியின் கண்ணில் இட்டார். எவ்வளவு செறிவில் கண் சிவக்கிறது என்பதைக் கொண்டு, அவர் தாதைத் தாங்கும் ஆற்றலை அளந்தார். பின்னர் மிகச் சிறிய அளவில் அச்சத்தைத் தோலின் கீழ் ஊசியால் ஏற்றினார். நாள் இடைவிட்டு, அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டினார். சில திங்கள் கழித்துச் சோதித்தபோது, முன்னர்ச் சிவந்த கண் அதே செறிவிற்குச் சிவக்கவில்லை! அளவு மிகினும், அடுத்தடுத்து ஏற்றினும், தாங்கும் ஆற்றல் குறைதலையும் அவர் கண்டு எச்சரித்தார்.

இம்முடிவுகள் 1911 ஜூன் திங்களில் லான்செட் என்னும் மருத்துவ இதழில் வெளிவந்தன. ஆயினும் அவற்றின் பயனை நெடுநாள் கண்டு மகிழும் பேறு நூனுக்கு வாய்க்கவில்லை. காசநோய் அவரைப் பற்றியது. பிரீமன் அப்பணியை ஏற்று நடத்தி, அவ்வாண்டு செப்டம்பரிலேயே மேலும் பல நோயாளிகளின் நலத்தை எடுத்துரைத்தார். பிறர் நோய்க்கு வழி கண்ட நூன், தம் நோய்க்கு அக்காலத்தில் மருந்தின்மையால், 1913 ஆம் ஆண்டில் தமது முப்பத்தைந்தாம் அகவையில் உயிர் நீத்தார்.

பூந்தாதில் நஞ்சு உண்டு என்றே நூனும் கருதினார். அக்கருத்துப் பிழையானது. தாது நஞ்சன்று, தீங்கற்ற பொருளைப் பகையென மயங்கி உடம்பு தொடுக்கும் போரே நோயாகிறது. இதனையே ஒவ்வாமை என்கிறோம். சிற்றளவில் பன்முறை பழகியபின் உடம்பின் காவலணுக்கள் அப்போரைத் தணிக்கின்றன என்பதைப் பிற்கால அறிஞர் விளக்கினர். கருத்துப் பிழைத்தும் அவர் முறை பிழைக்கவில்லை. கண்டதை அளந்து, அளந்ததை அவ்வாறே உரைத்தமையே அதற்குக் காரணம். 1954 ஆம் ஆண்டில் அதே மருத்துவமனை அறிஞர்கள் ஒப்பிட்டு ஆராய்ந்து, அம்முறையின் பயனை உறுதிசெய்தனர். இன்று ஊசியேயன்றி, நாவின் அடியில் வைத்துக் கரைக்கும் மாத்திரைகளும் வழங்குகின்றன. மூன்றாண்டுகள் தொடர்ந்து பெறுவோருள் பலர்க்கு, மருந்தை நிறுத்திய பின்னரும் நலம் நீடிக்கிறது. மருத்துவரின் மேற்பார்வையும் அளவறிந்து ஏற்றும் பொறுமையும் இன்றும் இன்றியமையாதனவே.

வாழ்நாள் குறுகினும் செய்த வினை நெடிது வாழும் என்பதற்கு நூன் ஒரு சான்றாவார்.