வசியம் வெளியில் இல்லை

அவையில் எழுந்து பேச அஞ்சுவது இன்றைய தலைமுறைக்கு மட்டும் உரிய குறை அன்று. திருவள்ளுவர் இதற்கென்றே அவையஞ்சாமை என்று ஓர் அதிகாரம் வகுத்திருக்கிறார். போர்க்களத்தில் உயிர்விடத் துணிந்தவர்கள் எளிதில் கிடைப்பார்கள், அவைக்கு அஞ்சாதவர்களோ அரியவர்கள் என்பது அவரது கணிப்பு.

அதன் உண்மையை நான் வாழும் வீராம்பட்டினத்தில் கண்கூடாகக் காண்கிறேன். அரிக்கமேட்டை அடுத்துள்ள இந்தக் கடலோர ஊரில், இருள் பிரியும் முன்பே அலையை எதிர்த்துப் படகு செலுத்தும் குடும்பங்களின் பிள்ளைகள், நேர்முகத் தேர்வு அறைக்குள் நுழையும்போது நடுங்குகிறார்கள். முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பொருளியல் கற்பித்த நான், விடை தெரிந்திருந்தும் வாய்மொழித் தேர்வில் வாய் திறவாத மாணவர்கள் பலரைப் பார்த்திருக்கிறேன். எழுத்துத் தேர்வில் முதல் வரிசையில் இருந்தவர்கள் வேலைவாய்ப்பில் கடைசி வரிசைக்குத் தள்ளப்பட்டதும் உண்டு. மனித மூலதனம் என்று நாங்கள் பாடம் நடத்துவது, இப்படி ஓசையின்றி வீணாகிறது.

இந்த அச்சத்தைத் தணிக்கும் வழிகளில் ஒன்றாக ஹிப்னாடிசம் எனப்படும் அறிதுயில் சிகிச்சை பேசப்படுகிறது. ஒரே அமர்வில் கூச்சத்தை ஒழித்துவிடுவதாக வாக்களிப்போரும் இருக்கிறார்கள். நம்புவதா, நகைத்து ஒதுக்குவதா? கோவாவில் பிறந்து பாரிஸில் மறைந்த ஒரு பாதிரியாரின் வாழ்க்கை இக்கேள்விக்கு விடை தருகிறது. அவர் ஜோசே குஸ்தோதியோ தெ ஃபாரியா. அபே ஃபாரியா என்றால் உலகம் அறியும். அலெக்சாண்டர் டூமாவின் புகழ்பெற்ற மான்டி கிறிஸ்டோ நாவலில், சிறைக்குள் கதாநாயகனுக்குக் கல்வி புகட்டும் முதிய பாதிரியாருக்கு இவர் பெயரே சூட்டப்பட்டது. ஆனால், உண்மையான ஃபாரியாவின் கதை நாவலைக் காட்டிலும் சுவையானது.

1756 மே மாதம், கோவாவின் கண்டோலிம் கிராமத்தில் அவர் பிறந்தார். கிறிஸ்தவம் தழுவிய கொங்கணிப் பிராமணர் வழிவந்த குடும்பம். பெற்றோர் மனம் ஒவ்வாமல் பிரிந்தனர். திருச்சபையின் அனுமதியோடு தந்தை குருவானார். தாய் கன்னியர் மடத்தில் சேர்ந்தார். 1771-ஆம் ஆண்டு, பதினைந்து வயது மகனை அழைத்துக்கொண்டு தந்தை லிஸ்பன் சென்றார். அங்கிருந்து ரோமாபுரிக்குப் பயணம். இறையியலில் முனைவர் பட்டமும், 1780-இல் குருப்பட்டமும் மகனுக்குக் கிடைத்தன.

லிஸ்பன் திரும்பிய அவருக்கு, அரசி முதலாம் மரியாவின் முன்னிலையில் மறையுரை ஆற்றும் வாய்ப்பு வந்தது. பிரசங்க மேடையில் ஏறினார். எதிரே அரச குடும்பத்தினரும் பிரபுக்களும் அமர்ந்திருந்தனர். நா எழவில்லை. அப்போது மேடைக்குக் கீழே இருந்த தந்தை, மகனுக்கு மட்டும் கேட்கும்படி கொங்கணியில் முணுமுணுத்தாராம்: எதிரே இருப்பவை எல்லாம் வெறும் காய்கறிகள், நறுக்கித் தள்ளு என்று. அச்சம் அகன்றது; உரை தடையின்றி ஓடியது. சில சொற்களுக்கு எப்படி இவ்வளவு வலிமை வந்தது என்ற வியப்பே பின்னாளில் அவரை ஆராய்ச்சிக்கு உந்தியது என்று கோவாவில் இன்றும் கூறுவார்கள்.

செவிவழியாக வந்த இந்தக் கதையில் நான் கவனிப்பது இரண்டு செய்திகளை. முதலாவது, ஃபாரியாவிடம் அறிவுக் குறைவு ஏதும் இல்லை. ஆளப்படும் நாட்டிலிருந்து வந்தவர் ஆளும் அவைக்கு முன்னே நின்றார். அந்த ஏற்றத்தாழ்வே அவர் நாவைக் கட்டிப்போட்டிருக்க வேண்டும். இரண்டாவது, அவரை விடுவித்த சொல் தாய்மொழியில் வந்தது.

அந்த ஏற்றத்தாழ்வு வெறும் கற்பனையன்று. மண்ணின் மைந்தர்களான குருமார்களுக்கு உயர்பதவிகள் மறுக்கப்பட்டதால் 1787-இல் கோவாவில் ஒரு கிளர்ச்சிக்குத் திட்டமிடப்பட்டது. பிண்டோ சதி என்று வரலாறு அதைக் குறிக்கிறது. திட்டம் வெளியானதும் கடும் தண்டனைகள் விதிக்கப்பட்டன. லிஸ்பனில் இருந்த ஃபாரியாக்கள் மீதும் ஐயம் விழுந்தது. 1788-இல் மகன் பாரிஸுக்குச் சென்றார். பிரெஞ்சுப் புரட்சியின் புயலில் அவரும் சிக்கினார். 1795-இல் அன்றைய அரசை எதிர்த்துத் தெருவில் இறங்கிய அணி ஒன்றுக்குத் தலைமை ஏற்றார். சபைக்கு அஞ்சிய இளைஞர் துப்பாக்கிகளுக்கு அஞ்சவில்லை. வள்ளுவர் கணிப்பு மீண்டும் மெய்யாயிற்று.

அக்காலப் பாரிஸில் மெஸ்மரிசம் பரபரப்பாகப் பேசப்பட்டது. மனித உடலில் காந்தத் திரவம் ஒன்று ஓடுகிறது, அதைத் தன்னால் செலுத்தி நோய் தீர்க்க முடியும் என்று மருத்துவர் மெஸ்மர் சொல்லி வந்தார். பெஞ்சமின் பிராங்க்ளின், லவாய்சியர் போன்றோர் அடங்கிய குழு 1784-இல் ஆராய்ந்து, அப்படி ஒரு திரவம் இல்லை, காண்பதெல்லாம் கற்பனையின் விளைவே என்று அறிவித்தது. பலருக்கு விவாதம் அத்துடன் முடிந்தது. ஃபாரியாவுக்கு அங்கேதான் தொடங்கியது. கற்பனைக்கு இத்தனை ஆற்றல் என்றால், அந்தக் கற்பனையையே ஆராய வேண்டாமா என்பது அவரது சிந்தனையாக இருந்தது.

1813-இல் பாரிஸின் கிளிஷி வீதியில் பொதுமக்களுக்கு விளக்க உரைகளைத் தொடங்கினார். வந்தவரை நாற்காலியில் வசதியாக அமரச் செய்வார். கண்களை மூடி உறக்கத்தில் மனம் குவிக்கச் சொல்வார். பிறகு உறங்குமாறு ஒரே சொல்லில் ஆணையிடுவார். காந்தமோ மந்திரக்கோலோ கிடையாது. அந்நிலையைத் தெளிவுறக்கம் என்று பொருள்படப் பெயரிட்டார். ஆற்றல் உறங்கச் செய்பவரிடம் இல்லை, உறங்குபவரிடமே இருக்கிறது என்பதுதான் அவர் கண்ட உண்மை. எல்லோரும் ஒன்றுபோல வசப்படுவதில்லை என்பதையும் கவனித்தார். அதற்கு இரத்தத்தின் அடர்த்தியே காரணம் என்று அவர் கருதியது மட்டும் பின்னாளில் நிலைக்கவில்லை.

தன்னிடம் சக்தி இல்லை என்று சொல்பவரை யார் கொண்டாடுவார்கள்? காந்தத் திரவத்தை நம்பியவர்கள் பகைத்தனர், சமயத்துறையினர் சந்தேகித்தனர். உறங்குவதுபோல் நடித்த ஒரு நடிகர், சபை நடுவே கண் விழித்து அவரை அவமானப்படுத்தினார் என்பர். 1816-இல் அவரைக் கேலி செய்யும் நாடகம் பாரிஸில் மேடையேறியது. அவைக்கு அஞ்சுபவர் எதை எண்ணி அஞ்சுகிறாரோ, அது அவருக்கு நடந்தே விட்டது. ஊர் சிரித்தது. ஃபாரியா பொதுவாழ்விலிருந்து விலகி ஒரு பள்ளியின் ஆன்மிகக் குருவாக ஒதுங்கினார். ஆனால், எழுதுவதை நிறுத்தவில்லை. 1819-இல் அவரது நூல் வெளிவந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 20-ஆம் நாள் மறைந்தார். மோன்மார்த்தரில் அவர் புதைக்கப்பட்ட இடத்துக்கு ஓர் அடையாளமும் இல்லை.

காலம் அவர் பக்கம் நின்றது. 1840-களில் ஸ்காட்லாந்து மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு ஹிப்னாடிசம் என்ற பெயரைப் பரப்பினார். பின்னர் பிரான்ஸின் நான்சி நகர மருத்துவர்கள், கருத்தேற்றமே அதன் சாரம் என்று நிறுவியபோது, ஃபாரியா எப்போதோ சொன்னதையே மருத்துவ உலகம் ஏற்றது. நோபல் பரிசு பெற்ற போர்ச்சுகீசிய மருத்துவர் எகாஸ் மோனிஸ் அவரைப் பற்றித் தனி நூல் எழுதினார். பணஜியில் 1945-இல் எழுப்பப்பட்ட அவரது சிலை இன்றும் நிற்கிறது.

இன்றைய கேள்விக்கு வருவோம். மேடையேறும்போது நெஞ்சு படபடப்பது இயல்பு. பிறர் எடைபோடுவார்கள் என்ற அச்சம் மாதக்கணக்கில் நீடித்து, படிப்பையும் வேலையையும் உறவையும் தவிர்க்கச் செய்தால், அது சமூகப் பதற்ற நோய். சிந்தனையையும் பழக்கத்தையும் படிப்படியாக மாற்றும் உளவியல் சிகிச்சையும், தேவையெனில் மருந்தும் அதற்கு முதன்மையான வழிகள். அறிதுயில் இவற்றுக்குத் துணைநிற்கலாம். உடல் தளர்ந்து மனம் குவிந்த நிலையில், அஞ்சும் சூழலைக் கற்பனையில் அமைதியாகச் சந்தித்துப் பழகுவதே அதன் பயன். அப்போது சுயநினைவு தப்புவதில்லை; விருப்பம் பறிபோவதுமில்லை. கற்பனையில் பழகியதை நிஜ அவையிலும் பழகினால்தான் பலன் நிலைக்கும்.

எனவே, தன் பார்வையிலும் விரலிலும் சக்தி இருப்பதாகக் கூறிப் பணம் கேட்பவரை, ஃபாரியாவின் அளவுகோலால் அளந்து விலகிச் செல்லுங்கள். உங்களுக்குள் இருப்பதை எடுத்துப் பயன்படுத்தக் கற்றுத்தருபவர், அதுவும் முறையாகப் பயின்ற மனநல வல்லுநர் என்றால் நம்பலாம். புதுச்சேரியில் ஜிப்மர் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலி மானஸ் என்ற அரசின் இலவச உதவி எண் 14416-இல் பேசவும் செய்யலாம்.

கல்வி நிலையங்களுக்கும் கடமை உண்டு. முதலாமாண்டிலிருந்தே ஐந்து பேர் முன்னே, பிறகு பத்துப் பேர் முன்னே என்று மாணவர்களைப் பேசப் பழக்கலாம். வாய்மொழித் தேர்வில் முதல் சில கேள்விகளைத் தமிழில் கேட்கலாம். தடுமாறும் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்காத வகுப்பறையை உருவாக்கலாம். ஃபாரியாவின் நாவை அவிழ்க்கத் தாய்மொழியில் ஒரு முணுமுணுப்பு போதுமானதாக இருந்தது. நம் பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல, மேடைக்குக் கீழே நாம் நின்றால் போதும்.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).