பத்திரிகை நடத்திய பெசண்ட் அம்மையார்

அன்னி பெசண்ட் அம்மையாரைப் பிரம்மஞான சபையின் தலைவியாகவும், காங்கிரஸ் மகாசபையின் தலைவியாகவும் அறிந்தோர் பலர். பத்திரிகை நடத்துவதையே தம் தொழிலாகவும் போர்க்கருவியாகவும் கொண்டிருந்தவர் அவர் என்பதை எண்ணுவோர் சிலரே. ஆகவே, அம்மையாரின் வாழ்வில் அந்தப் பகுதியையே இம்மலரில் எழுதப் புகுந்தோம்.

அம்மையார் 1847 ஆம் ஆண்டு அக்டோபர் முதல் தேதி லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் தந்தையை இழந்தார். தாயார் ஹாரோ பள்ளி மாணவர்களுக்கு உணவும் உறையுளும் அளித்துக் காலம் தள்ளினார். 1867 இல் பிராங்க் பெசண்ட் என்னும் பாதிரியாருக்கு அம்மையார் மணம் செய்விக்கப்பட்டார். மணமான புதிதில் ஒரு கதை எழுதிப் பத்திரிகைக்கு அனுப்ப, முப்பது ஷில்லிங் வந்தது. தாமே ஈட்டிய முதற்பணம் என்று அவர் கொண்ட மகிழ்ச்சி நெடுநேரம் நிலைக்கவில்லை. அக்காலத்து ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் சம்பாத்தியம் கணவனுக்கே உரியது! பெண்ணுரிமை பற்றிப் பின்னாளில் அவர் எழுதியவற்றுக்கெல்லாம் வித்து அந்த முப்பது ஷில்லிங்கே என்பது எமது கருத்து.

மத நம்பிக்கையில் வேற்றுமை மிகுந்து 1873 இல் கணவரைப் பிரிந்தார். மறு ஆண்டு சார்லஸ் பிராட்லாவின் பத்திரிகையில் வாரம் ஒரு கினி ஊதியத்தில் எழுதத் தொடங்கினார். 1877 இல் இருவரும் கூட்டாகப் பதிப்பகம் ஒன்றை நிறுவி, கருத்தடை பற்றிய பழைய நூலொன்றை வெளியிட்டதற்காகக் குற்றக் கூண்டில் ஏறினர். ஆறு மாதச் சிறைத் தண்டனை அப்பீலில் நீங்கியது. ஆயினும் அதைவிடப் பெரிய தண்டனை 1878 இல் வந்தது. இத்தகைய தாயிடம் வளரலாகாது என்று கூறி, அவருடைய சிறுமகளை நீதிமன்றம் பிரித்துவிட்டது. அச்சுத்தாளுக்கு அம்மையார் கொடுத்த விலை அது.

1888 இல் 'லிங்க்' என்னும் சிறு வாரத்தாளில், தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்களின் அற்பக் கூலியையும் அவர்கள் மீது விதிக்கப்பட்ட அபராதங்களையும் வெளிப்படுத்தினார். ஏறக்குறைய 1,400 பேர் வேலைநிறுத்தம் செய்து வென்றனர்.

1893 நவம்பர் 16 ஆம் தேதி தூத்துக்குடியில் கரையிறங்கியபோது அம்மையாருக்கு வயது 46. பிழைப்புக்காக வேற்றூர் வந்து, அந்த ஊரையே சொந்த ஊராக்கிக்கொள்ள முயலும் எம்போன்றோர், அந்த வயதில் ஒரு தேசத்தையே தமதாக்கிக்கொண்ட துணிவை வியக்காதிருக்க முடியாது. காசியில் 1898 இல் கல்லூரி கண்டார். 1907 இல் சபைத் தலைவியாகி அடையாற்றில் நிலைத்தார்.

1914 ஜனவரியில் 'காமன்வீல்' வார இதழைத் தொடங்கினார். நாட்டின் அன்றாட அரசியலுக்கு வாரத்தாள் ஈடுகொடுக்குமா? அதே ஆண்டில் 'மதராஸ் ஸ்டாண்டர்டு' என்னும் தினசரியை விலைக்கு வாங்கி, 'நியூ இந்தியா' என்று பெயரை மாற்றினார். சுயாட்சிக் கோரிக்கை நாள்தோறும் அதில் முழங்கிற்று. 1910 ஆம் ஆண்டின் அச்சுச் சட்டப்படி சர்க்கார் 1916 மே மாதம் 2,000 ரூபாய் ஜாமீன் கேட்டது. ஆகஸ்டில் அதைப் பறிமுதல் செய்து, 10,000 ரூபாய் கேட்டது. மாதச் சம்பளம் இருபதும் முப்பதுமாக வாங்கிய குமாஸ்தாக்கள் நிறைந்த அந்நாளில் அது எத்தகைய தொகை! அம்மையார் சென்னை ஹைகோர்ட்டில் தாமே வாதாடித் தோற்றார். 1919 இல் பிரிவி கவுன்சிலிலும் தோற்றார். பத்திரிகை மட்டும் நின்றபாடில்லை.

1917 ஜூன் மாதம் அருண்டேல், வாடியா ஆகிய இருவரோடு அவரும் காவலில் வைக்கப்பட்டார். நீலகிரியில் தங்கிய வீட்டிலும் சிவப்பும் பச்சையுமான சுயாட்சிக் கொடியைப் பறக்கவிட்டார். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சியில், ஓய்வுபெற்ற நீதிபதி மணி ஐயர் எனப்படும் சர் எஸ். சுப்பிரமணிய ஐயர் அமெரிக்க ஜனாதிபதி வில்சனுக்கே கடிதம் எழுதினார். அதனால் எழுந்த கண்டனத்தைப் பொறாது தம் பட்டங்களையும் துறந்தார். செப்டம்பரில் விடுதலையான அம்மையார், டிசம்பரில் கல்கத்தா காங்கிரஸின் முதல் பெண் தலைவரானார்.

ஆயினும் குறையையும் கூறல் வேண்டும். 1919 இல் கூட்டத்தினர் கல்லெறிந்தால் படையினர் சுடுவது தகும் என்ற பொருள்பட எழுதி, மக்களின் அன்பை இழந்தார். காந்தியடிகளின் ஒத்துழையாமையையும் எதிர்த்தார். வாசகர் குறைந்தனர். மக்கள் எதை விரும்புவர் என்று பார்த்து எழுதும் வழக்கம் அவருக்கு லண்டனிலும் இல்லை, சென்னையிலும் இல்லை. 1925 இல் இந்தியாவுக்குச் சுயாட்சி வழங்கும் மசோதா ஒன்றை உருவாக்கி, பிரிட்டிஷ் பார்லிமெண்டு வரை கொண்டு சென்றார்; அது நிறைவேறவில்லை.

1933 செப்டம்பர் 20 ஆம் தேதி அடையாற்றில் அம்மையார் காலமானார். அவ்விடத்திலேயே அவர் உடல் தகனம் செய்யப்பட்டது.