ஷார்ல் ஷாம்பர்லான் சரிதம்

எம் ஊராகிய நத்தத்தில், குடத்தின் வாயில் வெள்ளைத் துணியை மடித்துக் கட்டி அதன் வழியே கிணற்று நீரை வார்ப்பது பாட்டியர் காலத்து வழக்கம். நீர் கலங்கியிருப்பின் தேற்றாங்கொட்டையை உரைத்திட்டுத் தெளிய வைப்பர். இக்காலத்தவர் கடையில் வடிகட்டி வாங்குகின்றனர். அதன்மேல் 5 மைக்ரான், 1 மைக்ரான் எனப் பொறித்த எண்ணையுங் காண்கின்றனர். அதன் பொருளை வினவுவோர் சிலரே. அவ்வெண்ணிற்கு அடிகோலிய ஒருவரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

ஷார்ல் ஷாம்பர்லான் 1851ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 12ஆம் நாள், பிரெஞ்சு தேசத்து ஜூரா மாகாணத்திலுள்ள ஒரு சிற்றூரிற் பிறந்தார். லூயி பாஸ்டர் என்னும் பேரறிஞரும் அம்மாகாணத்தவரே. பாரிஸ் நகரிற் கல்வி முற்றிய ஷாம்பர்லான், பாஸ்டரின் ஆய்வுக்கூடத்தில் துணைவராய் அமர்ந்தார். கொதிநீரிலும் சாவாத கிருமி வித்துக்கள் உள என்பதை ஆராய்ந்து, அழுத்தமேற்றிய நீராவியால் அவற்றை அழிக்கும் கலத்தை 1879ஆம் ஆண்டளவில் அமைத்தார். இன்று மருத்துவமனைதோறும் வழங்கும் ஆட்டோகிளேவ் அதன் வழிவந்ததே.

1881ஆம் ஆண்டில் பூயி-லெ-போர் என்னுமிடத்தில் ஆடுகளுக்கு அடைப்பான் நோய்த் தடுப்பு மருந்தேற்றிப் பாஸ்டர் உலகப்புகழ் எய்தினார். அம்மருந்து ஷாம்பர்லான் பொட்டாசியம் பைக்ரோமேட்டைக் கொண்டு பக்குவஞ் செய்தது என்பது, பிற்காலத்திலேயே வெளிப்பட்டது. தமக்குரிய புகழ் பிறர்பாற் செல்லக் கண்டும் அவர் ஆசிரியரை விட்டு நீங்கினாரல்லர்.

நிற்க. 1884ஆம் ஆண்டில் அவர் செய்த பீங்கான் வடிகட்டியே நாம் கூற வந்தது. மெருகிடாத பீங்கானாலாய இக்குழல், ஒரு முனை மூடியதாய் மெழுகுவர்த்தி போன்றிருக்கும். அழுத்தத்துடன் புறத்தே செலுத்திய நீர், சுவரின் நுண்டுளைகளினூடு கசிந்து உள்ளே துளித்துளியாய்ச் சேரும். கிருமிகளோ புறத்தே தங்கிவிடும்.

மைக்ரான் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்திலொரு கூறு. மனிதர் தலைமயிர் ஏறக்குறைய 70 மைக்ரான் தடிப்புடையது. வாந்திபேதிக் கிருமியின் அகலமோ அரை மைக்ரானளவே. ஆதலின் கண்ணுக்குப் பளிங்குபோல் தோன்றும் நீரும் நஞ்சாயிருத்தல் கூடும். வீட்டுத்துணி கிருமியைத் தடுக்கவல்லதன்று. ஆயினும் அதனை இகழ்தல் தகாது. தமிழ்நாட்டிலும் முன்னாள் வருத்திய நரம்புச் சிலந்தி நோய், நீரில் வாழும் ஒருவகைச் சிறு பூச்சியின் வழியே பரவிற்று. அப்பூச்சி ஒரு மில்லிமீட்டரளவு பெரிதாகலின், நெருங்க நெய்த துணியே அதனைத் தடுக்கப் போதுமானதாயிற்று. 2000ஆம் ஆண்டில் இந்தியா அந்நோய் நீங்கிய நாடெனச் சான்று பெற்றது. தடுக்க வேண்டிய பொருள் யாதென முதலில் தெளிந்து, பின்னரே எண்ணை நோக்கல் வேண்டும்.

அவ்வெண்ணும் எக்காலும் ஒரே உறுதியைத் தருவதன்று. பெயரளவான எண், அப்பருமனுள்ள துகள்களில் ஒரு பகுதியே நிற்குமெனக் காட்டும். எவ்வளவு பகுதி என்பது செய்வோர்க்கேற்ப மாறும். முழுமையளவான எண்ணோ, அவற்றுள் ஏறக்குறைய யாவும் நிற்குமெனச் சோதித்து இடப்படுவது. ஷாம்பர்லான் குழல்களும் பின்னர் எல் 1, எல் 3, எல் 5 என நுணுக்கத்திற்கேற்பத் தரம் பிரிக்கப்பட்டன. மயிரிழை போன்ற கீறல் ஒன்றிருப்பினும் எத்தரமும் பயனற்றதாம். தேய்த்துக் கழுவிக் காய்ச்சாது நாட்பட விட்டால், கிருமிகள் சுவரினுள்ளேயே பெருகி மறுபுறம் வந்துவிடும். குழலை ஆண்டுக்கணக்கில் கழுவாது வைத்திருக்கும் இல்லத்தார் இதனை ஊன்றி நோக்குவாராக.

வடிகட்டி தடுத்ததிலும், தடாது விட்டதே அறிஞர்க்குப் பெருவியப்பாயிற்று. 1888இல் ரூ, யெர்சன் என்னும் இருவர், தொண்டை அடைப்பான் கிருமியை நீக்கி வடித்த நீரிலும் அதன் நஞ்சு இருத்தலைக் காட்டினர். 1892இல் ருஷிய தேசத்து இவனோவ்ஸ்கி, புகையிலைச் செடியின் நோய் அக்குழலையுங் கடந்து செல்லக் கண்டார். நம் நாட்டில் ஆக்ராவிலிருந்த ஹாங்கின், கங்கை யமுனை நீரில் வாந்திபேதிக் கிருமி மாய்வதை 1896இல் எழுதி வெளியிட்டார். வடிகட்டியுந் தடுக்காத நுண்ணிய வைரஸ் ஒன்றே அதற்குக் காரணமெனப் பிற்காலத்தார் சிலர் கருதினர், சிலர் மறுத்தனர். காமாலை விளைக்கும் வைரஸுள் ஒன்று 0.03 மைக்ரானளவே. அத்தகையவற்றுக்கு அஞ்சுவோர் பீங்கானை மட்டும் நம்பாது நீரைக் காய்ச்சுதலே தகும்.

ஷாம்பர்லான் 1885 முதல் 1889 வரை பிரெஞ்சுச் சட்டசபையிலும் அங்கம் வகித்தார். 1904இல் பாஸ்டர் நிலையத்தின் துணைத் தலைவரானார். 1908ஆம் ஆண்டு மே மாதம் 2ஆம் நாள், தம் 57ஆம் வயதிற் காலமானார். தம் குழலைக் கடந்து சென்றது யாதென அவர் கண்ணாற் கண்டாரல்லர். எலக்ட்ரான் நுண்நோக்கியால் புகையிலை வைரஸின் உருவம் 1939இல் முதன்முதற் காணப்பட்டபோது, அவர் மறைந்து 31 ஆண்டுகள் கழிந்திருந்தன.