சேது காசை மீட்டுத்தந்த நல்லூர் சுவாமி

ஒரு பக்கம் நின்ற நிலையில் மனித உருவம். மறுபக்கம் படுத்திருக்கும் நந்தி, மேலே பிறை, கீழே தமிழில் ‘சேது’ என்ற சொல். சிறிய செப்புக் காசுதான். இராமநாதபுரம் சேதுபதிகள் வெளியிட்டது என்றே முன்னர் எழுதிவைத்தார்கள். அது யாழ்ப்பாண அரசர்களின் மறக்கப்பட்ட நாணயம் என்று 1920 இல் ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி வாதிட்டவர் நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர்.

1875 இல் மானிப்பாயில் பிறந்தவர். புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, அந்த வேலையை விட்டு 1901 இல் கத்தோலிக்கக் குருவானார். குருவானவருக்கு நந்திக் காசில் என்ன அக்கறை என்று கேட்கலாம். 1619 இல் போர்த்துக்கேயரிடம் வீழ்ந்த அந்த அரசு, தன் கையாலேயே விட்டுச்சென்ற சான்றுகள் மிகக் குறைவு. வரலாற்றுக்காரருக்கு அது போதாதா? 1928 இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம், 1938 முதல் சொற்பிறப்பு அகராதி என்று எழுதிக்கொண்டேயிருந்து 1947 இல் மறைந்தார்.

சேகரிப்பவர்கள் செப்பின் நிறைக்கு விலை பேசுவதில்லை. அந்த வகையில் எத்தனை கிடைத்துள்ளன, எழுத்துத் தேயாமல் இருக்கிறதா என்றே பார்ப்பார்கள். ஆய்வாளர் இன்னொன்றும் கேட்பார்: எங்கே கிடைத்தது? சேது காசு யாருடையது என்ற வழக்கிலும் அதுதான் முக்கியமான கேள்வி.

வன்னிக்கும் இது தூரத்துக் கதையல்ல. பூநகரி மண்ணிலும் பழங்காசுகள் கிடைத்திருக்கின்றன. இடம்பெயர்ந்து திரும்பி, அத்திவாரம் வெட்டும்போது ஒரு காசு தட்டுப்பட்டால் பழைய இரும்போடு போட்டுவிடாதீர்கள். புளி போட்டு மினுக்கவும் வேண்டாம், எழுத்துப் போய்விடும். எந்தக் காணியில், எவ்வளவு ஆழத்தில் என்று குறித்துவைத்துத் தொல்லியல் தெரிந்தவரிடம் காட்டுங்கள்.